பழைய ஸ்டீம் ஹீட்டிங்: ராத்திரி தண்ணீர் போதவில்லை என்கிறது, காலையில் பாய்லர் நிரம்பிக் கிடக்கிறது

பழையவீடு1926 · ப்ளூம்ஃபீல்டு, நியூ ஜெர்சி · ஜனவரி 11, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். போன வருஷம் இங்கே 1926-ல் கட்டிய வீடு ஒன்று வாங்கினோம். ஹீட்டிங் முழுக்க ஸ்டீம். ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் ஒரே பைப்தான். ஸ்டீம் அதில் ஏறி, தண்ணீராகி, அதிலேயே இறங்குகிற வகை. பாய்லர் மட்டும் புதிது. பழைய சொந்தக்காரர் மூன்று வருஷத்துக்கு முன்பு மாற்றியிருக்கிறார்.

பிரச்சினை இதுதான். பர்னர் எரிய ஆரம்பித்து நாற்பது நிமிஷம் வரை எல்லாம் நன்றாகப் போகும். அப்புறம் தண்ணீர் போதவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்து பர்னர் நின்றுவிடும். ஆட்டோ ஃபீடர் தண்ணீர் விடும், மறுபடி எரியும். ஒரு ராத்திரிக்கு இப்படி நாலைந்து தடவை. ஆனால் காலையில் பேஸ்மென்ட்டுக்குப் போய்ப் பார்த்தால் பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டுகிற கேஜ் கிளாஸில் உச்சி வரை தண்ணீர் நிற்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை பக்கெட்டில் பிடித்துக் கொட்டுகிறேன். ராத்திரி குறைகிற தண்ணீர் விடிந்ததும் எப்படி அதிகமாகிறது என்று எனக்குப் புரியவில்லை.

கூடவே, ஹால் மூலைக்கு நேர் கீழே, பாய்லரிலிருந்து ஸ்டீமைக் கொண்டுபோகிற பெரிய பைப்பான ஸ்டீம் மெயின் முடிகிற இடத்தில், சம்மட்டியால் அடிப்பது போல் டம் டம் என்று சத்தம். ஹால் ரேடியேட்டரில் காற்றை வெளியே விடுகிற வென்ட் தண்ணீரைத் துப்புகிறது.

ஒரு பிளம்பர் வந்து, தண்ணீர் குறைந்தால் பர்னரை நிறுத்துகிற லோ வாட்டர் கட்ஆஃப் கெட்டுவிட்டது என்று புதிது மாட்டினார். எந்த மாற்றமும் இல்லை. இரண்டாவதாக வந்தவர் பாய்லரையே மாற்றச் சொல்கிறார். மதுரையிலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள். வெளியே மைனஸ் 11. அந்தச் சத்தம் கேட்டதும் பதறி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?


குளிர்தேசம் · சிகாகோ · ஜனவரி 11, இரவு 10.52

பர்னர் எரியும்போது கேஜ் கிளாஸில் தண்ணீர் துள்ளுகிறதா? எங்கள் வீட்டில் புது பாய்லர் போட்டபோது, பைப் வெட்டிய எண்ணெய் உள்ளே தங்கி, உலைநீர் பொங்குகிற மாதிரி பொங்கித் தண்ணீர் ஸ்டீமோடு மேலே போய்விட்டது. மேல்மட்டத்து எண்ணெயை மெதுவாக வடித்து எடுத்ததும் சரியானது. முதலில் அதைப் பாருங்கள்.


மூன்றுமாடி · சோமர்வில், மாசசூசெட்ஸ் · ஜனவரி 11, இரவு 11.30

எங்கள் வீட்டிலும் இதே சிவப்பு விளக்குதான், ஆனால் காரணம் வேறு. தண்ணீரைப் பாய்லருக்குத் திருப்பிக் கொண்டுவருகிற ரிட்டர்ன் பைப், தரைக்கு அடியில் போனது, துருப்பிடித்து ஓட்டை விழுந்து, தண்ணீர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு வித்தியாசம் கவனியுங்கள் தம்பி: எங்களுக்குக் காலையில் கிளாஸ் நிரம்பியதே இல்லை. போன தண்ணீர் போனதுதான். உங்களுக்குத் திரும்பி வருகிறது. அதனால் கசிவாக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.


குயின்ஸ் சூப்பர் · நியூயார்க் · ஜனவரி 12, காலை 6.10

தம்பி, பாய்லரை மாற்றாதே. மூன்றுமாடி அக்கா சொன்னதுதான் முக்கியமான துப்பு. உன் பாய்லரில் தண்ணீர் குறையவில்லை, தாமதமாக வருகிறது. ரிட்டர்ன் பைப் அடைத்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நான் இருபத்திரண்டு வருஷமாகப் பழைய கட்டிடங்களுக்கு சூப்பராக, அதாவது கட்டிடப் பராமரிப்பாளராக இருக்கிறேன், எல்லாமே ஸ்டீம். இந்தக் கதையை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

இன்றைக்கு வேலை முடிந்து வந்ததும் இவற்றைப் பார்த்துச் சொல். ஸ்டீம் மெயினின் கடைசியிலிருந்து இறங்குகிற பைப் தரையை ஒட்டி பாய்லருக்குத் திரும்புகிறதா? எங்காவது சிமென்ட்டுக்குள் புகுகிறதா? கேஜ் கிளாஸின் தண்ணீர் மட்டத்திலிருந்து மெயினின் கடைசி வரை எத்தனை அங்குலம் உயரம்? பிரஷர் கன்ட்ரோல் எவ்வளவில் வைத்திருக்கிறது? வடிக்கிற தண்ணீர் என்ன நிறம்? ஃபீடரில் கேலன் எண்ணுகிற மீட்டர் இருந்தால் அது என்ன காட்டுகிறது?


பழையவீடு1926 · ஜனவரி 12, இரவு 8.45

அண்ணா, ரொம்ப நன்றி. எல்லாவற்றையும் பார்த்தேன்.

கிளாஸில் தண்ணீர் அரை அங்குலம் அசைகிறது, அவ்வளவுதான், பொங்கவில்லை. மெயினின் கடைசியிலிருந்து ஒரு பைப் நேராக இறங்கி, சுவரோரமாகத் தரையை ஒட்டி 22 அடி வந்து, துணி துவைக்கிற அறை வாசலில் சிமென்ட்டுக்குள் போய், மறுபக்கம் வெளியே வந்து பாய்லரோடு சேர்கிறது. தரைக்குள் மட்டும் நாலடி இருக்கும். தண்ணீர் மட்டத்திலிருந்து மெயினின் கடைசிக்கு 31 அங்குலம்.

பிரஷர் கன்ட்ரோல் ஹனிவெல் சாம்பல் பெட்டி. முன்னால் 2-ல் இருக்கிறது, உள்ளே வெள்ளைச் சக்கரம் 1-ல். வடிக்கிற தண்ணீர் வறக்காப்பி நிறம். ஃபீடர் மீட்டர் நவம்பர் முதல் தேதியிலிருந்து 64 கேலன் காட்டுகிறது.


ஈரோடு பாய்லர் · பெருந்துறை · ஜனவரி 13, காலை 7.30 இந்திய நேரம்

நான் சாயப்பட்டறையில் பாய்லர் அட்டெண்டன்ட், இரண்டாம் நிலைச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். வீட்டு ஹீட்டிங் பார்த்ததில்லை, அதனால் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். 2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு அழுத்தம்) என்பது எங்கள் கணக்கில் பிரஷரே இல்லை. கொஞ்சம் ஏற்றி வைத்தால் அந்த அழுத்தத்திலேயே தண்ணீர் அடைப்பைத் தள்ளிக்கொண்டு வந்துவிடாதா?


குயின்ஸ் சூப்பர் · ஜனவரி 12, இரவு 11.40

ஈரோடு சார், நியாயமான கேள்வி. ஆனால் இங்கே அது தலைகீழாக வேலை செய்யும். உங்கள் பட்டறையில் கன்டன்சேட், அதாவது ஸ்டீம் குளிர்ந்து ஆன தண்ணீர், ஒரு டேங்கில் சேரும், ஃபீட் பம்ப் அதை அழுத்தி பாய்லருக்குள் தள்ளும். இந்த வீட்டில் பம்பே கிடையாது. திரும்பி வரும் தண்ணீர் தன் எடையால் மட்டுமே உள்ளே போயாக வேண்டும்.

கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை பாய்லர். இன்னொரு முனை மெயினின் கடைசியில் இறங்குகிற பைப். நடுவில் தரையோடு கிடக்கிற பகுதி ரிட்டர்ன். பர்னர் எரியாதபோது இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டம். எரியும்போது பாய்லர் முனையில் ஸ்டீம் அழுத்துகிறது. மறுமுனையிலும் ஸ்டீம் அழுத்துகிறது, ஆனால் அவ்வளவு தூரம் போனதில் அழுத்தம் கொஞ்சம் குறைந்திருக்கும். குறைந்த அளவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஏறி நிற்கும். 1 பிஎஸ்ஐ வித்தியாசத்துக்கு 28 அங்குலம். அதனால்தான் அந்தக் காலத்து ஸ்டீம் ஃபிட்டர்கள் தண்ணீர் மட்டத்துக்கும் மெயினின் கடைசிக்கும் நடுவே குறைந்தது 28 அங்குலம் விட்டு வைத்தார்கள். தம்பி வீட்டில் 31 இருக்கிறது, கட்டியவன் சரியாகத்தான் கட்டியிருக்கிறான்.

பிரஷரை ஏற்றினால் இரண்டு பக்கமும்தான் ஏறும். திரும்பி வரும் தண்ணீருக்கு அதனால் ஒரு தள்ளும் கிடைக்காது. மெயினின் கடைசி வென்ட் திறந்து காற்று போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் பாய்லர் பிரஷர் அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசம் முழுக்கத் தண்ணீரைப் பின்னால் தள்ளும். தம்பியின் சாம்பல் பெட்டி பிரஷர் 2-க்கு இறங்கியதும் பர்னரை ஏற்றி, 2-ம் 1-ம் சேர்ந்து 3 பிஎஸ்ஐ ஆகும்போதுதான் நிறுத்தும். வீட்டுக்கு அது அதிகம். முன்னால் 0.5, சக்கரம் 1. அதாவது 1.5-ல் நிற்க வேண்டும். இன்றைக்கே மாற்று தம்பி. அப்படியே அந்தப் பெட்டிக்குக் கீழே சுருண்டிருக்கிற பன்றிவால் பைப் அடைத்திருக்கிறதா என்றும் பார். அது அடைத்தால் பெட்டிக்குப் பிரஷர் தெரியவே தெரியாது, பர்னர் பாட்டுக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இப்போது நாற்பது நிமிஷக் கணக்கு. பாய்லர் தகட்டில் ஸ்டீம் சதுர அடி என்று ஓர் எண் இருக்கும். இப்படிப்பட்ட வீட்டுக்கு 400 என்று வைத்துக்கொள். ஒரு சதுர அடி ரேடியேட்டர் மணிக்குக் கால் பவுண்டு ஸ்டீமைத் தண்ணீராக்கும். 400-க்கு 100 பவுண்டு. ஏறக்குறைய 12 கேலன். அரை மணி நேரத்தில் 6 கேலன் பாய்லரை விட்டு வெளியே போகிறது. உன் அளவு பாய்லரில் கிளாஸின் ஓர் அங்குலத்துக்கு ஒரு கேலன், மிஞ்சினால் ஒன்றரை கேலன்தான் பிடிக்கும். போன தண்ணீர் நேரத்துக்குத் திரும்பாவிட்டால் நாலைந்து அங்குலம் இறங்கும், கட்ஆஃப் நிறுத்தும். அது கெடவில்லை, தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அப்போது ஃபீடர் புதுத் தண்ணீரை விடுகிறது. பர்னர் நின்ற பிறகு பழைய தண்ணீரும் மெதுவாக வந்து சேர்கிறது. காலையில் கிளாஸ் நிரம்பாமல் என்ன செய்யும்?

பழைய பாய்லர் காலத்தில் இது தெரிந்திருக்காது. அது அண்டா மாதிரி, அரை மணி நேரம் காத்திருக்கத் தண்ணீர் இருந்தது. இப்போது இருப்பது சொம்பு. அடைப்பு பல வருஷமாக வளர்ந்திருக்கும், பாய்லர் மாற்றிய பிறகுதான் வெளியே தெரிந்திருக்கிறது.

அந்த 64 கேலன்தான் எனக்குக் கவலை. புதுத் தண்ணீரோடு ஆக்ஸிஜன் வருகிறது. இரும்பு துருப்பிடிக்கிறது. துரு எங்கே போய்த் தங்கும்? தண்ணீர் மெதுவாகப் போகிற, எல்லாவற்றிலும் தாழ்ந்த இடத்தில். அது ரிட்டர்ன் பைப்தான். அடைப்பால் ஃபீடர் ஓடுகிறது, ஃபீடர் ஓடுவதால் அடைப்பு வளர்கிறது.

நாளைக்கு ஒரு சோதனை செய். ஃபீடருக்குப் போகிற தண்ணீர் வால்வை மூடு. லோ வாட்டர் கட்ஆஃபில் மட்டும் கை வைக்காதே, அதுதான் பாய்லருக்குக் காவல். கேஜ் கிளாஸின் மட்டத்தை, மெயினின் கடைசியில் இறங்குகிற பைப் மீது சாக்பீஸால் குறி. பர்னரை ஓட விடு. ஸ்டீம் அங்கே வந்ததும் அந்தப் பைப்பைத் தடித்த கையுறையோடு மேலிருந்து கீழாகத் தொட்டுப் பார். ஸ்டீம் இருக்கிற வரை கை வைக்க முடியாத சூடு, அதற்குக் கீழே தண்ணீர் இருக்கிற இடத்தில் சட்டென்று சூடு குறையும். அந்த எல்லையைச் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை குறித்துக்கொண்டே வா. அகச்சிவப்பு தெர்மாமீட்டர் இருந்தால் பைப்பில் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் காட்டு. அடைப்பில்லாத பைப்பில் எல்லை நாலைந்து அங்குலம் ஏறி நின்றுவிடும்.


மூன்றுமாடி · ஜனவரி 13, காலை 7.05

தம்பி, தொடுவதற்கு முன்னால் ஒன்று. மெயின் பைப்பைச் சுற்றி வெள்ளையாகப் பிளாஸ்டர் கட்டு மாதிரி இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அந்த வயது வீடுகளில் அதுதான் போட்டிருப்பார்கள். அதைச் சுரண்டவோ கிழிக்கவோ வேண்டாம். உறை இல்லாத பைப்பில் மட்டும் குறியுங்கள். வீட்டில் வயதானவர்கள் வேறு இருக்கிறார்கள்.


பழையவீடு1926 · ஜனவரி 13, இரவு 11.50

அக்கா, வெள்ளைக் கட்டு இருக்கிறது, மெயின் முழுக்க. அதன் பக்கமே போகவில்லை. இறங்குகிற பைப் வெறும் கறுப்பு இரும்பு.

சோதனை செய்துவிட்டேன். கிளாஸ் மட்டத்தை 26 அடி தள்ளி எப்படிக் குறிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாதான் சொன்னார்கள், அப்பா வீடு கட்டும்போது கொத்தனார் டியூப்பில் தண்ணீர் விட்டுப் பிடிக்கச் சொல்வாரே என்று. கடையில் 40 அடி, உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் டியூப் வாங்கி வந்தேன். ஒரு முனையை அம்மா கேஜ் கிளாஸ் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்கள், மறுமுனையை நான் பைப்போடு சேர்த்துப் பிடித்துக் குறித்தேன். அதுதான் சைபர்.

9.00-க்கு பர்னர் போட்டேன். 9.14-க்கு மெயினின் கடைசி வரை ஸ்டீம் வந்துவிட்டது. 9.20-க்குச் சூடு மாறுகிற எல்லை 6 அங்குலத்தில். 9.27-க்கு 14. 9.34-க்கு 24. கையை வைத்தால் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது அண்ணா, ஒரு விரல் அகலத்துக்குள் சூடு மாறுகிறது. 9.39-க்கு எல்லையையே காணோம், பைப் முழுக்கத் தண்ணீர். உடனே முதல் டம். அப்புறம் வரிசையாக ஏழெட்டு. ஒவ்வொரு அடிக்கும் பைப் என் கையில் அதிர்ந்தது. 9.43-க்குச் சிவப்பு விளக்கு.

பர்னரை நிறுத்திவிட்டு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஃபீடர் வால்வு மூடித்தான் இருந்தது, வெளியிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. 11.05-க்குக் கிளாஸில் தண்ணீர் பழைய குறிக்கே வந்து நின்றது. போன தண்ணீர் அத்தனையும் திரும்பி வர ஒரு மணி இருபது நிமிஷம்.

பன்றிவால் பைப் சுத்தமாகத்தான் இருந்தது. பிரஷரை 0.5, 1 என்று மாற்றிவிட்டேன்.


ஈரோடு பாய்லர் · ஜனவரி 14, காலை 11.15 இந்திய நேரம்

இப்போது நன்றாகப் புரிகிறது. எங்கள் பட்டறையில் பம்ப் செய்கிற வேலையை இங்கே 31 அங்குல உயரம் செய்கிறது. அதை இதுவரை இப்படி யோசித்ததில்லை. தொடர்ந்து எழுதுங்கள்.


குயின்ஸ் சூப்பர் · ஜனவரி 14, காலை 6.30

இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம் தம்பி. அடைப்புதான்.

எங்கே என்பது அடுத்த கேள்வி. நான் மூன்று இடத்தைப் பார்ப்பேன். முதல் இடம் ஹார்ட்ஃபோர்டு லூப். பாய்லர் பக்கத்தில் ரிட்டர்ன் பைப் மேலேறி, தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே, ஈக்வலைசர் என்கிற நெட்டுக்குத்துப் பைப்போடு நிப்பிள் என்கிற ஒரு குட்டைப் பைப் துண்டால் சேரும். அந்த நிப்பிள்தான் அடைப்புக்குப் பேர்போன இடம். இந்த லூப்பைக் கொண்டுவந்தது ஹார்ட்ஃபோர்டில் 1866-ல் தொடங்கிய பாய்லர் காப்பீட்டு நிறுவனம். ரிட்டர்ன் பைப் உடைந்தாலும் பாய்லர் முழுக்கக் காலியாகி வெடித்துவிடக் கூடாது என்று 1919-ல் இந்த அமைப்பைச் சொன்னார்கள். எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும் இது. ஒரு வளைவுப் பைப், வேறொன்றுமில்லை. நான் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன்.

இரண்டாவது, வழியில் ஏதாவது செக் வால்வு, அதாவது தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடுகிற வால்வு, இருக்கிறதா என்று பார். லூப் வருவதற்கு முன்னால் அதுதான் பாதுகாப்பு. பெயின்ட் பூசிப் பூசிப் பைப்போடு பைப்பாகத் தெரியும். உள்ளே நாக்கு துருவில் ஒட்டிப் பாதி மூடியிருக்கும். மூன்றாவது, தரைக்குள் போகிற அந்த நாலடி.

திறப்பதற்கு முன்னால் இதைக் கேள். பைப்புக்கு நூறு வயது ஆகப் போகிறது. சில இடத்தில் துருதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், கழுவினால் ஒழுக ஆரம்பிக்கலாம். அதனால் குளிர் குறைகிற நாளாகப் பார்த்து, ஸ்டீம் தெரிந்த பிளம்பர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுத் தொடங்கு. பவரை நிறுத்தி நாலைந்து மணி நேரம் ஆற விடு. ஆசிட், ட்ரெயின் திரவம் எதையும் ஊற்றாதே. சூடான பாய்லரில் பச்சைத் தண்ணீர் விடாதே, வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.


மூன்றுமாடி · ஜனவரி 14, காலை 8.20

ஈரம் உறிஞ்சுகிற ஷாப் வேக்யூம் ஒன்று இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரால் தள்ளுவதை விட உறிஞ்சினால் சகதி நன்றாக வருகிறது. எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது. பழைய துணி நிறைய வேண்டும். அந்தக் கறை சிமென்ட்டை விட்டுப் போகவே போகாது.


பழையவீடு1926 · ஜனவரி 20, இரவு 9.30

இந்த வாரம் குளிர் கொஞ்சம் குறைந்தது. இன்றைக்கு, சனிக்கிழமை, காலை ஆறு மணிக்கு நிறுத்திப் பதினொரு மணிக்கு ஆரம்பித்தேன். திங்கள்கிழமை வரச் சொல்லி ஒரு பிளம்பரிடம் பேசிவிட்டேன். அவர் போனிலேயே மெயினின் உயரம் எவ்வளவு என்று கேட்டார். அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

முதலில் ரிட்டர்னில் இருந்த சின்ன வடிகுழாயைத் திறந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் வந்து, கறுத்து, நின்றுவிட்டது. கம்பியை விட்டுக் கிளறினால் கரகரவென்று வருகிறது. அடுத்து ஹார்ட்ஃபோர்டு லூப் பக்கத்து யூனியன், கழற்றி மாட்டுகிற பைப் இணைப்பு. துருவிளக்கும் எண்ணெய் அடித்து, 18 அங்குல பைப் ரெஞ்ச் இரண்டு போட்டு, அது அசைய ஒரு மணி நேரம் ஆனது. குட்டை நிப்பிளைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தேன். ஒன்றேகால் அங்குலப் பைப் அண்ணா. உள்ளே இருந்த ஓட்டையில் என் பென்சில் போகிறது, சுண்டுவிரல் போகவில்லை. சுற்றிலும் கறுப்புத் துரு, கல் மாதிரி, அடுக்கடுக்காக. பக்கத்தில் நின்று பார்த்த அம்மா, இத்தனை நாள் வீடு முழுவதற்குமான தண்ணீர் இதற்குள்ளேயா போய் வந்தது என்று கேட்டார்கள்.

மெயினின் கடைசிப் பக்கம், இறங்குகிற பைப்பின் அடியில் டீ என்கிற மூன்று வாய் பைப் இணைப்பில் பித்தளை அடைப்பான் இருந்தது. அது சுலபமாகக் கழன்றது. அங்கிருந்து தோட்டத்து ஹோஸ் வைத்துத் தண்ணீர் விட்டால் திரும்ப என் மேலேயே பீறிட்டது, மறுமுனையில் ஒன்றும் வரவில்லை. அக்கா சொன்னபடி வேக்யூம் வைத்தேன். அந்த 22 அடியிலிருந்து இரண்டு பக்கெட் சகதி வந்தது. செம்மண்ணைக் குழைத்து அதில் காப்பித்தூளைப் போட்ட மாதிரி. அதன் பிறகு துணி துவைக்கிற அறை வாசல் வரை பைப் சுத்தம், விளக்கு அடித்தால் உள்ளே தெரிகிறது. ஆனால் தரைக்குள் இருக்கிற நாலடி அசையவில்லை. இந்தப் பக்கம் வேக்யூம், அந்தப் பக்கம் ஹோஸ், எதற்கும் அசையவில்லை. செக் வால்வு எதுவும் இல்லை.

இப்போதைக்கு எல்லாம் திறந்து கிடக்கிறது. இரண்டு எலெக்ட்ரிக் ஹீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், அம்மா அறைக்கு ஒன்று, பேஸ்மென்ட்டுக்கு ஒன்று. தரையை உடைப்பதா?


குயின்ஸ் சூப்பர் · ஜனவரி 20, இரவு 10.15

உடைக்காதே. நல்ல வேலை செய்திருக்கிறாய் தம்பி.

தரைக்குள் இருப்பதைக் கைவிட்டுவிடு. இரண்டு முனையிலும் வெட்டி மூடி விட்டு, வேறு சுவரோரமாகப் புது ரிட்டர்ன் இழுக்கச் சொல். வாசலுக்கு மேலே தூக்கிக் கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. இந்தப் பைப் முழுக்கத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயே கிடக்க வேண்டும். சுற்றிப் போனாலும் பரவாயில்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே காப்பர் போடலாம், துருப்பிடிக்காது. ஆனால் பாய்லருக்கு மேலே ஸ்டீம் போகிற ஹெடரில் காப்பர் போட விடாதே, அது இரும்பாகத்தான் இருக்க வேண்டும். சூட்டில் காப்பர் நீண்டு சுருங்கி இணைப்பு விட்டுப்போகும்.

இரண்டு முனையிலும் முழு வாய் பந்து வால்வும் (ball valve), ஹோஸ் மாட்டுகிற குழாயும் கேள். அடுத்த தடவை ரெஞ்ச் இல்லாமலேயே பத்து நிமிஷத்தில் கழுவிவிடலாம். திருப்பங்களில் எல்போ என்கிற வளைவு இணைப்புக்குப் பதில் டீ போட்டு ஒரு வாயை அடைப்பானால் மூடச் சொல். அந்தக் குட்டை நிப்பிளும் புதிது.


ஈரோடு பாய்லர் · ஜனவரி 21, காலை 10.40 இந்திய நேரம்

புதுத் தண்ணீர் விட்டதும் கொதிக்க விட்டு ஆக்ஸிஜனை வெளியேற்றுவது எங்கள் பக்கம் வழக்கம். இங்கேயும் செய்வீர்களா?


குயின்ஸ் சூப்பர் · ஜனவரி 21, காலை 7.00

கட்டாயம் சார். தண்ணீர் விட்ட உடனே ஸ்டீம் வருகிற வரை எரிக்க வேண்டும். பச்சைத் தண்ணீரை ராத்திரி முழுக்கச் சும்மா நிற்க விடக் கூடாது.


பழையவீடு1926 · பிப்ரவரி 11, மாலை 5.10

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று.

ஜனவரி 22-ல் பிளம்பர் வந்தார். ஒன்றேகால் அங்குல காப்பர், 34 அடி, தெற்குச் சுவரைச் சுற்றி. அண்ணா சொன்ன வால்வுகள் எல்லாம் போட்டார். அந்தப் பென்சில் நிப்பிளைக் காட்டியபோது கையில் வாங்கி இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, புதிய நிப்பிளைப் பேசாமல் எடுத்து மாட்டினார்.

அன்று ராத்திரியே சாக்பீஸோடு உட்கார்ந்தேன். எல்லை 5 அங்குலம் ஏறியது. நின்றது. ஒரு மணி பத்து நிமிஷம் பர்னர் தொடர்ந்து ஓடியது, அந்த 5 அங்குலத்தைத் தாண்டவில்லை. கிளாஸில் ஓர் அங்குலம் இறங்கி, நிறுத்திய கால் மணியில் பழையபடி. டம் சத்தம் அன்றிலிருந்து ஒரு தடவை கூட இல்லை. அம்மா இப்போது விடிகிற வரை தூங்குகிறார்கள்.

முதல் வாரம் தினமும் கொஞ்சம் வடித்தேன், வறக்காப்பி நிறம் மாறித் தேநீராகி, இப்போது கிளாஸுக்குப் பின்னால் விரல் வைத்தால் தெரிகிறது. ஃபீடர் மீட்டரில் 19 நாளில் ஒரே ஒரு கேலன்.

ஒன்று மட்டும் பாக்கி. ஹால் ரேடியேட்டர் மற்றவற்றை விடப் பத்து நிமிஷம் தாமதமாகச் சூடாகிறது. மெயினின் கடைசியில் இருக்கிற வென்டைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன், காற்று போகவில்லை, ஆட்டினால் உள்ளே துரு குலுங்குகிறது. இத்தனை நாள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்ததில் போயிருக்க வேண்டும். அண்ணா, இந்த நீள மெயினுக்கு ஒன்று போதுமா, இரண்டு போடட்டுமா? மெயின் 2 அங்குலம், நீளம் 38 அடி.


குயின்ஸ் சூப்பர் · பிப்ரவரி 11, இரவு 8.25

பெரிய வென்டாக இருந்தால் ஒன்றே போதும், சின்னதாக இருந்தால் ஒரு டீ போட்டு இரண்டு மாட்டு. மெயின் முடிகிற எல்போவுக்கு நேர் மேலே மாட்டாதே. ஓரடி முன்னால் தள்ளி, ஆறு அங்குலம் உயர்த்தி வை. தண்ணீர் தெறித்தாலும் அதைத் தொடாது.